சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட மேலாய்வுப் பணி: தமிழாய்வாளர்களுக்கு ஒரு விளக்கம்

முன்னுரை

முனைவர் பட்டம் பெற்ற தமிழாய்வாளர் பலர், விரிவுரையாளர் பணி கிட்டும்வரை தம் ஆய்வை எவ்வாறு தொடர்வது என்னும் வினாவை எதிர்கொள்கின்றனர். ஆய்வேடு நூலாக வளர வேண்டிய அக்காலத்தில் ஆய்வுலகை விட்டு விலகியோர் மீண்டும் வருதல் அரிது. இவ்விடைவெளியை நிரப்புவதே மேலாய்வுப் பணி. சிங்கப்பூரில் அதனைத் தேடிப் பெறும் முறையை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பெயரும் வகையும்

சிங்கப்பூரில் இப்பணி பெரும்பாலும் 'ரிசர்ச் ஃபெல்லோ', 'போஸ்ட்டாக்டரல் ஃபெல்லோ' என்னும் பெயர்களில் அறிவிக்கப்பெறுகிறது. இஃது இருவகைப்படும். ஆய்வாளர் தம் சொந்த ஆய்வுத் திட்டத்தை முன்வைத்துப் பெறுவது ஒன்று. பேராசிரியர் ஒருவர் நிதி பெற்று நடத்தும் திட்டத்தில் அமர்த்தப்பெறுவது மற்றொன்று. முன்னதில் ஆய்வு வினா விண்ணப்பதாரருடையது, பின்னதில் பேராசிரியருடையது. ஆகவே, ஒரே விண்ணப்பத்தை இரண்டிற்கும் அனுப்புதல் பயன் தராது.

வாய்ப்புள்ள இடங்கள்

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2001இல் தொடங்கப்பெற்ற ஆசிய ஆய்வுக் கழகம் இடப்பெயர்வு, சமயம், நகரம் முதலிய பொருண்மைகளில் ஆய்வாளர்களைச் சேர்த்து வந்துள்ளது. அங்கேயே 2004இல் அமைந்த தெற்காசிய ஆய்வுக் கழகம் சமகால அரசியல், பொருளாதாரம் ஆகியவற்றில் கருத்தூன்றுகிறது. தமிழ் கற்பித்தல் துறையினர்க்கு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகம் பொருந்தும். லிட்டில் இந்தியாவிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் சென்றடையும் பொங்கோலில், சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் புதிய வளாகம் 2024இல் செயற்படத் தொடங்கியது. பயன்பாட்டு ஆய்வே அங்கு முதன்மை பெறுவதால், கணினித்தமிழ் ஆய்வாளர் தம் தொழில்நுட்பத் திறனையே முன்னிறுத்துதல் வேண்டும்.

தலைப்பை மறுவரைவு செய்தல்

'தமிழ்' என்னும் சொல்லைக் கொண்டு மட்டும் அறிவிப்புகளைத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். பணிகள் மொழியின் பெயரால் அன்றிப் பொருண்மையின் பெயரால் அறிவிக்கப்பெறுதலே காரணம். சான்றாக, 'சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைகளில் சமுதாயச் சிக்கல்கள்' என்னும் தலைப்பு தமிழ்த்துறைக்குப் போதும். இடப்பெயர்வு ஆய்வுக் குழுவோ, 'புலம்பெயர்ந்த தொழிலாளர் ஒரு நகரத்தைத் தம் ஊராக ஏற்பது எப்போது?' என்பது போன்ற வினாவை எதிர்பார்க்கும். இதனால் தமிழை மறைக்க வேண்டும் என்பதன்று. வினா பொதுவானதாகவும் சான்று தமிழினதாகவும் அமைதலே வலிமை. 1887இல் தோன்றிய 'சிங்கைநேசன்', 1935இல் தொடங்கப்பெற்ற 'தமிழ் முரசு' ஆகியவற்றை மூலமொழியில் படிக்க வல்லோர் ஆசியவியல் அறிஞருள் சிலரே.

விண்ணப்ப ஆயத்தம்

ஆய்வு முன்மொழிவு, வெளியான கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள் ஆகியன பொதுவாகக் கேட்கப்பெறும். இவை ஆங்கிலத்தில் அமைதல் வேண்டும். பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்னும் வரையறையும் பல அறிவிப்புகளில் உண்டு. எனவே, ஆய்வேட்டை ஒப்படைத்த பின் ஆங்கிலக் கட்டுரை எழுதத் தொடங்குவோர்க்குக் காலம் போதாது. துறைசார் பேராசிரியருக்கு முன்கூட்டியே சுருக்கமான மடல் எழுதி, தம் ஆய்வு அவருடைய பணியோடு எங்கு இணைகிறது எனத் தெரிவித்தல் நன்று.

முடிவுரை

மேலாய்வுப் பணிக்கான ஆயத்தம் முனைவர் பட்டப் பதிவின்போதே தொடங்க வேண்டியதாகும். நெறியாளர்கள் தம் மாணவரை ஆண்டுக்கு ஒரு முறையேனும் பிற துறையினர் கூடும் கருத்தரங்கில் ஆங்கிலத்தில் கட்டுரை படிக்கச் செய்தல் வேண்டும். தமிழ் மூலங்களை ஆழக் கற்ற இளையோர், அக்கல்வியைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் பயிற்சியின்மையால் ஆய்வை இழத்தல் தமிழியலுக்கே இழப்பாகும்.