வகுத்திகள் மலிந்த பேரெண்

ஓர் எண்ணினும் சிறிய எவ்வெண்ணுக்கும் அதனளவு வகுத்திகள் இல்லையாயின், அதனை மிகுபகு எண் என்பர். 12-ஐ மீதியின்றி வகுப்பன 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் ஆறு இல்லை.

ஸ்ரீபெரும்புதூரில் தோன்றிய ஆசாரியரின் பெயரைத் தாங்கிய கணித மேதை இராமாநுஜம், 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராய் அமர்ந்தவர். 1915-இல் இலண்டனில் வெளிவந்த தம் கட்டுரையில் இத்தகைய எண்களை அவர் நிரல்படுத்தினார். அந்நிரலின் இறுதி எண் 67,46,32,83,88,800 ஆகும். 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் பெருகி வந்தது இது.

இதன் வகுத்திகளை எண்ணுமாறு யாதெனில், ஒரு வகுத்தியில் 2 என்பது ஒரு முறையும் வாராமை முதல் ஆறு முறை வருதல் ஈறாக ஏழு வழிகள் உள. ஏனையவற்றுக்கும் இவ்வாறே கொண்டு பெருக்க, 7×5×3×3×2×2×2×2×2 = 10,080. சிறிய பகா எண் பன்முறையும் பெரியது சின்முறையும் வருதலை நோக்குக. அம்முறைகளை இடம் மாற்றின் வகுத்திகளின் தொகை மாறாது, எண்ணோ பெருத்துவிடும்.

நிற்க. இவ்வெண்ணை 23-ஆல் வகுப்பின் 2,93,31,86,25,600 கிடைக்கும். 5,040 வகுத்திகளையுடைய அதுவும் மிகுபகு எண்ணே. ஆயினும் அம்மேதையின் நிரலில் அது விடுபட்டுப்போயிற்று. அவர் புகழுக்கு இதனாற் குறைவில்லை. எத்துணைப் பெரியோர் ஏடாயினும் கணித்துப் பார்த்தே கொள்ளுதல் கற்போர் கடன் என்பதற்கு இவ்வோர் எண்ணே சான்றாகும்.