புல்வெட்டும் இயந்திரமும் பட்டறைப் பாதுகாப்பும்

ரப்பர் மரத்திற்கும் சிங்கப்பூருக்கும் உள்ள உறவு நெடுங்காலத்தது. 1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை வந்தடைந்தன. 1888-ஆம் ஆண்டில் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்திற்குக் கேடின்றிப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். இன்று நம் கையிலுள்ள பால்வெட்டுக் கத்தி அம்முறையின் வழிவந்ததாகும்.

கத்தியை நாம் அசைத்தால்தான் அது அசையும். இயந்திரமோ அத்தகையதன்று. மரநிரைகளுக்கிடையே மண்டும் புல்லையும் லாலானையும் வெட்டுவதற்கு இன்று நாம் தோளில் சுமக்கும் பெட்ரோல் இயந்திரத்தில், தகடு நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது. சிங்கப்பூரின் சாலையோரங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் திடல்களிலும் இதே இயந்திரத்தைச் சுமந்து உழைப்போரில் தமிழகத்திலிருந்து சென்றவர்களும் உள்ளனர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையிலும் தேக்கா வட்டாரத்திலும் கூடும் தொழிலாளர் கூட்டத்தில் அவர்களையும் காணலாம்.

புல் வெட்டும்போது கவனமாக இருப்பவர்கள்கூட, இயந்திரத்தைப் பழுது பார்க்கும்போது சற்று அசட்டையாக இருந்துவிடுகின்றனர். ‘இயந்திரம் நின்றுவிட்டது, இனி அபாயமில்லை’ என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் தவறானது என்பதற்கு ஒரு பெருந்துயரம் சான்றாக நிற்கிறது.

1978-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், ஜூரோங் கப்பல் பட்டறையில் ‘ஸ்பைரோஸ்’ என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் பழுது பார்க்கப்பட்டு வந்தது. பிற்பகலில் அது வெடித்துத் தீப்பற்றியது. 76 பேர் மாண்டனர். போருக்குப் பிந்தைய சிங்கப்பூர் வரலாற்றில் இதைவிடப் பெரிய தொழில் விபத்து நிகழ்ந்ததில்லை. கப்பலின் சொந்தப் பயன்பாட்டுக்கான எரிஎண்ணெய்த் தொட்டியில், எளிதில் தீப்பற்றும் கச்சா எண்ணெய் கலந்திருந்தது. தொட்டியில் சேர்ந்திருந்த ஆவியை, இரும்பு வெட்டும் சுடர் பற்றவைத்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது.

கப்பல் எங்கே, நம் புல்வெட்டும் இயந்திரம் எங்கே என்று சிலர் வினவலாம். அளவு வேறாயினும் தத்துவம் ஒன்றே. கண்ணுக்குப் புலப்படாத ஆவியும் ஒரு பொறியும் சந்தித்தால் தீ உண்டாகும். பெட்ரோல் கடுங்குளிரிலும் ஆவியாகும். அவ்வாவி காற்றைவிடக் கனமானது. ஆகவே தரையோடு படர்ந்து, சற்றுத் தொலைவிலுள்ள அடுப்பையோ பீடி நெருப்பையோ சென்று தொடும். தீ வந்த வழியே திரும்பி ஓடிவரும்.

ஆதலால் பட்டறையில் முதற் கடமை எரிபொருளைக் காப்பதே. சூடு தணியாத இயந்திரத்தில் பெட்ரோல் ஊற்றலாகாது. கலனைத் தரையில் வைத்து, திறந்த வெளியில் ஊற்றுதல் வேண்டும். குளிர்பானப் புட்டிகளில் பெட்ரோலை வைப்பது பெருங்குற்றம். தாகத்தோடு வரும் குழந்தைக்கு அது நீராகத் தோன்றும். கலனில் உள்ளது என்னவென்று அதன்மேல் எழுதி வையுங்கள். ‘ஸ்பைரோஸ்’ கப்பலில் தொட்டிக்கு ஒரு பெயர், உள்ளே இருந்த பொருள் வேறு என்பதை மறவாதீர்கள். அடைத்த அறையில் இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பதும் ஆகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

இரண்டாவது கடமை, ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றி ஒதுக்கி வைத்தல். இதன் காரணத்தை அறிதல் நலம். இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் பொறி உண்டாக்க மின்கலம் தேவையில்லை. மேக்னெட்டோ சுழன்றாலே பொறி பிறக்கும். தள்ளிச் செல்லும் புல்வெட்டியில் தகடு பெரும்பாலும் இஞ்சினின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஒட்டிய புல்லை அகற்றத் தகட்டைக் கையால் திருப்பினால் இஞ்சினும் திரும்பும். உருளையில் சிறிது எரிபொருள் எஞ்சியிருந்தாலும் இஞ்சின் ஒரு சுற்று உயிர்பெறக்கூடும். விரல் போவதற்கு அந்த ஒரு சுற்றே போதும்.

மூன்றாவது, தகட்டைக் கழற்றும் முறை. தோளில் சுமக்கும் இயந்திரங்கள் பலவற்றில் தகட்டைப் பிடிக்கும் நட்டின் மரை, வழக்கமான மரைக்கு எதிர்ப்புறமாக அமைந்திருக்கும். இதை அறியாதவர் தவறான பக்கம் பலமாகத் திருப்புவார், ஸ்பேனர் வழுக்கும், கை நேரே தகட்டின் கூரில் விழும். எனவே கையேட்டைப் பார்த்து, பூட்டும் ஊசியைச் செருகி, தடித்த கையுறை அணிந்த பின்னரே திருப்புதல் வேண்டும். வெடிப்புக் கண்ட தகட்டைப் பற்றவைத்து மீண்டும் மாட்டாதீர்கள். அதன் துண்டு தெறித்தால் தோட்டாவுக்கு ஒப்பாகும். அரம் பிடிக்கும்போதும் சாணை பிடிக்கும்போதும் கண்ணாடி அணிதல் இன்றியமையாதது.

வேலை முடிந்தபின் காப்பு மூடியைத் திரும்பப் பொருத்துங்கள். ‘புல் சிக்குகிறது’ என்று அதைக் கழற்றி எறிவோர் உண்டு; கல் தெறித்துக் கண்ணில் பாயும்போதுதான் அதன் அருமை தெரியும். முடுக்கத்தை விட்டபின்னும் தகடு சுழன்றுகொண்டே இருந்தால் கிளட்சோ முடுக்கத்தின் அமைப்போ கெட்டிருக்கலாம். அதைச் சீர்செய்யாமல் வேலைக்கு எடுத்துச் செல்லலாகாது. ஓட்டிப் பார்க்கையில் பிறர் 15 மீட்டருக்கு அப்பால் நிற்றல் வேண்டும்.

இவையனைத்தும் தொழிலாளியின் கடமை மட்டுமல்ல, நிர்வாகத்தின் பொறுப்புமாகும். சிங்கப்பூரில் 2006-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2011-ஆம் ஆண்டில் எல்லா வேலையிடங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. மலேசியாவிலும் 1994-ஆம் ஆண்டின் சட்டம், தொழிலாளரின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக வகுத்துள்ளது. ஆகவே கையுறையும் கண்ணாடியும் கேட்பது சலுகை கேட்பதன்று. பழுதான இயந்திரத்தைப் பற்றி மேற்பார்வையாளரிடம் தெரிவிப்பது குறை கூறுவதுமன்று.

அன்பார்ந்த தொழிலாளர்களே! பிளக்கின் மூடியைக் கழற்ற அரை நிமிடம்கூட ஆகாது. பால்வெட்டுக் கத்தி பிடிக்கவும், பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் பத்து விரல்களும் நமக்குத் தேவை. அந்த அரை நிமிடத்தை அவற்றிற்காகச் செலவிடுவோமாக.