பழுதாகலாம், சாகக் கூடாது: மாடுலர் எலக்ட்ரானிக்ஸ் உண்மையில் என்ன?



இந்தக் கட்டுரையை அநேகமா ஃபோன்லதான் படிச்சிட்டு இருப்பீங்க. ஒரு சின்ன கேள்வி. அந்த ஃபோன்ல எந்தப் பாகம் முதல்ல போகும்?

ப்ராசஸர்னு யாரும் சொல்ல மாட்டீங்க. பேட்டரி, டிஸ்ப்ளே, சார்ஜிங் போர்ட், இந்த மூணுல ஒண்ணுதான் பதிலா இருக்கும். அடுத்த கேள்வி: அந்த ஒண்ணு போனா நாம ஒதுக்கி வைக்கிறது எதை? பல நேரம் முழு ஃபோனையும்தான். நல்லா ஓடிட்டு இருக்கிற ப்ராசஸர், மெமரி, கேமரா எல்லாம் அதோட சேர்ந்து மேஜை டிராயருக்குள்ள போயிடும்.

ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவாகியிருக்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். மிச்சத்தையும் ரீசைக்கிள் பண்ணிட்டா சரியாயிடுமா? முழுசா ஆகாது. ஒரு சிப்பை உருக்கினா கொஞ்சம் செம்பும் தங்கமும் திரும்பக் கிடைக்கும். அதைச் செய்யச் செலவான மின்சாரம், சுத்திகரிச்ச தண்ணீர், ரசாயனம் எதுவும் திரும்ப வராது. ஒரு ஃபோன் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கார்பனில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியாகி முடிஞ்சிடுது. அதனால, செஞ்ச பொருளை எவ்வளவு வருஷம் ஓட்டுறோம்கிறதுதான் முக்கியம்.

இதுக்குத் தீர்வா நாம அடிக்கடி கேள்விப்படுற வார்த்தை "மாடுலர் டிசைன்". பாகம் பாகமா கழட்டி மாத்தலாம். கேட்க ஈஸியா இருக்கு. ஆனா எந்த இடத்தில் பிரிக்கிறோம்கிறதுலதான் முழு இன்ஜினியரிங்கும் இருக்கு.

முதல்ல கொஞ்சம் கணக்கு

ரிலையபிலிட்டி பாடத்துல சீரிஸ் சிஸ்டம் படிச்சிருப்பீங்க. ஒரு கருவியில் 5 முக்கியப் பாகங்கள்னு வெச்சுக்கலாம். ஒவ்வொண்ணும் மூணு வருஷம் தாங்கும் வாய்ப்பு 0.9. ஒண்ணோட பழுது இன்னொண்ணைப் பாதிக்காதுன்னும் எடுத்துக்கலாம். எல்லாமே நல்லா இருந்தாத்தான் கருவி ஓடும்னா, 0.9-ஐ ஐந்து தடவை பெருக்கணும். விடை சுமார் 0.59. அதாவது 100 கருவியில் 41 மூணு வருஷத்துக்குள்ள ஏதோ ஒரு பழுதைச் சந்திக்கும்.

இப்போ அதே கருவியை மாடுலரா மாத்துறோம். ஐந்து பாகத்துக்கும் தலா ஒரு கனெக்டர். ஒவ்வொரு கனெக்டரும் தாங்கும் வாய்ப்பு 0.99. இதையும் பெருக்கினா மொத்தம் சுமார் 0.56 ஆகுது. பழுதாகிற கருவி 41-லிருந்து 44 ஆகிடுச்சு!

மாடுலர் ஆக்கினா பழுது கூடுமா? ஆமா, கூடலாம். இதை மறைச்சுப் பேசுறதுல அர்த்தமில்ல. ஆனா பசை போட்டு ஒட்டின கருவியில் அந்த 41-ம் கிட்டத்தட்ட செத்துப்போன மாதிரி. மாடுலர் கருவியில் அந்த 44-க்கும் தேவை ஆளுக்கு ஒரு பாகம் மட்டும். பழுதாகிறது வேற, சாகிறது வேற. மாடுலர் டிசைன் குறைக்கப் பார்க்கிறது ரெண்டாவதை.

ஆரா: கனவும் கணக்கும்

2013-ல் டேவ் ஹாக்கன்ஸ் என்ற நெதர்லாந்து டிசைனர் "ஃபோன்பிளாக்ஸ்" என்று ஒரு வீடியோ வெளியிட்டார். லெகோ கட்டைகளைப் போல ஒரு ஃபோன். கேமரா பிடிக்கலையா, அந்தக் கட்டையை மட்டும் மாத்து. ப்ராசஸர் பழசாயிடுச்சா, அதையும் மாத்து. வீடியோ செம வைரல். அதே வருஷம் அக்டோபரில், அப்போ கூகுள் கையில் இருந்த மோட்டோரோலா "ப்ராஜெக்ட் ஆரா"வை அறிவிச்சது. ஒரு எலும்புக்கூடு மாதிரி சட்டம், அதில் வந்து மாட்டிக்கொள்ளும் மாடுல்கள்.

இன்ஜினியரிங் கண்ணோட பாருங்க. ஒவ்வொரு மாடுலுக்கும் தனி உறை, தனி கனெக்டர், சட்டத்தோட பேசுறதுக்குத் தனி சர்க்யூட் வேணும். ஒவ்வொண்ணும் இடத்தையும் மின்சாரத்தையும் சாப்பிடும். முன்னாடி ஒரே பிசிபி-யில் சில மில்லிமீட்டர் ஓடின சிக்னல், இப்போ ரெண்டு கனெக்டரைத் தாண்டிப் போகணும்.

2016 மே மாதம் ஆராவின் புது வடிவம் வந்தது. அதில் சிபியு, டிஸ்ப்ளே, பேட்டரி எல்லாம் சட்டத்துக்குள்ளயே நிரந்தரமா போயிடுச்சு. மாத்த முடிஞ்சது கேமரா, ஸ்பீக்கர் மாதிரி கூடுதல் வசதிகளை மட்டும். கவனிச்சீங்களா? சீக்கிரம் தேயுற பேட்டரியும் சீக்கிரம் உடையுற டிஸ்ப்ளேவும் மாத்தவே முடியாத பக்கம் போய்ச் சேர்ந்தாச்சு. அதே வருஷம் செப்டம்பரில் திட்டமே கைவிடப்பட்டது.

2016-லயே எல்ஜி ஜி5 வந்தது. ஃபோனோட அடிப்பாகத்தை உருவி, கேமரா கிரிப் மாதிரியான துணைக் கருவிகளை மாட்டலாம். அடுத்த வருஷம் வந்த ஜி6-ல் அந்த அமைப்பே இல்லை. காசு கொடுத்து வாங்கின அந்த மாடுல்கள் புது ஃபோனுக்கு உதவல. இன்டர்ஃபேஸை அடுத்த தலைமுறைக்கும் காப்பாத்தலைனா, மாடுலே ஒரு புதுக் குப்பையாகிடும்.

எங்கே பிரிக்கணும்?

ரெண்டு கேள்வி கேட்டா போதும்.

ஒண்ணு: இந்த ரெண்டு பாகங்களோட ஆயுளும் வேற வேறயா? ரெண்டு: இதுக்கு நடுவுல போற சிக்னல் குறைவா, மெதுவா இருக்கா? ரெண்டுக்கும் "ஆமா"ன்னா அங்க பிரிக்கலாம்.

பேட்டரியை எடுத்துக்கங்க. சார்ஜ் ஏற ஏறத் தேயுற பாகம். மத்ததோட ஆயுளோட ஒத்துப்போகாது. நடுவுல போறதும் சில கம்பிகள்தான். பிரிக்கறதுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. சிபியு, ரேம் ரெண்டும் இதுக்கு நேர் எதிர். நடுவுல ஏகப்பட்ட அதிவேக சிக்னல்கள்.

2015-ல் வந்த ஃபேர்ஃபோன் 2 இந்தக் கணக்கைச் சரியா போட்டது. டிஸ்ப்ளே, பேட்டரி, கேமரா, யூஎஸ்பி போர்ட்டும் ஸ்பீக்கரும் இருக்கிற அடிப்பாகம், எல்லாம் தனித்தனி மாடுல். டிஸ்ப்ளேவை எந்த டூலும் இல்லாம கையாலயே கழட்டலாம். ஆனா சிபியு-வும் மெமரியும் ஒரே போர்டில். அதைப் பிரிக்க அவங்க முயற்சி பண்ணல.

லேப்டாப்பில் இதையே செய்தது 2021-ல் வந்த ஃப்ரேம்வொர்க். அடியில் ஐந்து ஸ்க்ரூ, அதைக் கழட்ட ஸ்க்ரூடிரைவரும் பெட்டியிலேயே வரும். பக்கத்துல மாட்டுற போர்ட் கார்டுகளுக்குப் புது இன்டர்ஃபேஸ் எதையும் கண்டுபிடிக்கல, உள்ளே இருக்கிறது சாதாரண யூஎஸ்பி-சி. 2021-ல் வாங்கின 13 இன்ச் லேப்டாப்பின் அதே உடம்பில் 2025-ல் வந்த மெயின்போர்டை மாட்டலாம். கழட்டின பழைய போர்டை ஒரு பெட்டிக்குள்ள வெச்சு டெஸ்க்டாப்பா ஓட்டலாம்.

அதே கம்பெனி 2025-ல் அறிவிச்ச டெஸ்க்டாப்பில் ரேமை சால்டர் பண்ணிட்டாங்க! அந்த ஏஎம்டி சிப்புக்கு 256 பிட் அகலத்தில் மெமரி வேணும். கழட்டுற மாதிரி வெச்சா அந்த வேகத்தில் சிக்னல் நிலைக்கல, ஏஎம்டி-யோட சேர்ந்து முயற்சி பண்ணியும் முடியல என்று காரணம் சொன்னாங்க. பிசிக்ஸ் இடம் கொடுக்கிற இடத்தில்தான் நாம பிரிக்க முடியும்.

கனெக்டர் இலவசம் இல்ல

ஒரு கனெக்டர் பழசாகி, அதோட தொடு மின்தடை 50 மில்லிஓம் ஆகிடுச்சுன்னு வெச்சுக்கங்க. 3 ஆம்பியரில் சார்ஜ் போகுது. I²R போட்டா 0.45 வாட் வெப்பம், கூடவே 0.15 வோல்ட் இழப்பு. ஒரு சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள அரை வாட் சும்மா இல்ல. இதைத் தவிர்க்கத்தான் கனெக்டருக்குத் தங்க முலாம். தங்கம் எடுக்கச் சுரங்கம் தோண்டணும், அதுக்கும் ஒரு சூழல் விலை இருக்கு.

ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் ஃபேர்ஃபோன் 2-வை ஆராய்ந்தபோது இதையும் கணக்கில் எடுத்தது. மாடுலர் ஆக்கச் சேர்த்த கனெக்டர், கூடுதல் பிசிபி, தனி உறைகள் எல்லாம் தயாரிப்பின் சூழல் பாரத்தைக் கூட்டின. பழுது பார்த்து அதிக வருஷம் ஓட்டும்போது அந்தப் பாரம் ஈடாகிக் கூடுதல் லாபமும் வந்தது. அதாவது மாடுலர் ஃபோனை வாங்கி ரெண்டே வருஷத்தில் தூக்கிப் போட்டா, சூழலுக்கு அது நஷ்டக் கணக்கு.

எத்தனை தடவை கழட்டி மாட்டுவாங்கன்னும் யோசிக்கணும். யூஎஸ்பி-சி 10,000 தடவைக்கு டிசைன் செய்யப்பட்டது. எஸ்எஸ்டி மாட்டுற எம்.2 ஸ்லாட்டுக்கு 60 தடவைதான். ரெண்டுமே சரிதான்! எஸ்எஸ்டியை யார் தினமும் கழட்டப் போறா?

ஸ்க்ரூ போட முடியாத மாடுல்

ஹார்ட்வேர் எல்லாம் சரி பண்ணாலும் ஒண்ணு மிச்சமிருக்கு: சாஃப்ட்வேர். ஃபேர்ஃபோன் 2-ல் இருந்த ஸ்னாப்டிராகன் 801 சிப்புக்கு ஆண்ட்ராய்டு 6-க்கு மேல குவால்காம் ஆதரவு தரல. பேட்டரியை மாத்தலாம், டிஸ்ப்ளேவை மாத்தலாம், பாதுகாப்பு அப்டேட்டை எந்தக் கடையில் வாங்குறது? அந்தச் சின்ன டீம் தானே வேலை பார்த்து, ஓப்பன் சோர்ஸ் ஆட்களின் உதவியோட ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டு போனாங்க. 2023 வரை ஆதரவு நீடிச்சது. 2023-ல் வந்த ஃபேர்ஃபோன் 5-ல் பாடம் கத்துக்கிட்டு, நீண்ட கால ஆதரவு கிடைக்கும் தொழிற்சாலைக் கருவிகளுக்கான சிப்பையே எடுத்தாங்க.

இன்னொரு சாஃப்ட்வேர் பூட்டு, பாகங்களை ஜோடி சேர்க்கிறது. டிஸ்ப்ளேவை மாத்தினா, அதோட சீரியல் நம்பர் போர்டுக்குத் தெரியலைன்னு சில வசதிகளை அணைச்சு வைக்கிற வேலை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-ல் இதைத் தடுக்கச் சட்டம் போட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2025 ஜூன் 20 முதல் ஃபோன்களுக்குப் புது விதிகள். ஒரு மாடலின் விற்பனையை நிறுத்தின பிறகும் 7 வருஷம் உதிரி பாகம் கிடைக்கணும். பேட்டரியைப் பயனரே மாத்த முடியணும், இல்லைனா 1,000 சார்ஜ் சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதம் கொள்ளளவு மிஞ்சணும், கூடவே தூசியும் தண்ணியும் புகாம இருக்கணும். கழட்டுற மாதிரி செய், இல்லைனா தாங்குற மாதிரி செய்! ஃபோன் ஸ்ரீபெரும்புதூரில் தயாரானாலும் சரி, ஐரோப்பாவில் விற்கணும்னா இது பொருந்தும்.

உங்க ப்ராஜெக்ட்டில் என்ன பண்ணலாம்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டோ, ஹேக்கத்தான் போர்டோ, இதெல்லாம் இப்பவே செய்யலாம்:

1. பிசிபி வரையறதுக்கு முன்னாடி, எது முதல்ல போகும்னு ஒரு பட்டியல் போடுங்க. சென்சார், ரிலே, பேட்டரி, யூஎஸ்பி போர்ட்னு வரிசை வரும். அந்த முதல் ரெண்டு மூணை மட்டும் கழட்டுற மாதிரி வைங்க. எல்லாத்தையும் பிரிக்க வேண்டாம்.

2. கடையில் கிடைக்கிற கனெக்டரையே பயன்படுத்துங்க. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறதா இருந்தா, உங்க ஜூனியரும் வாங்க முடியும்.

3. தலைகீழா மாட்ட முடியாத கனெக்டரா பாருங்க. சப்ளையும் கிரவுண்டும் மாறிப் போனா, மாடுலர் வசதியே போர்டை எரிச்சிடும்.

4. ஹாட் குளூவுக்குப் பதில் ஸ்க்ரூ. முடிஞ்சவரை எல்லாம் ஒரே சைஸ்.

5. பின் பெயர்களைப் போர்டு மேலயே அச்சடிங்க. முக்கியமான வோல்டேஜ்களுக்கு டெஸ்ட் பாயிண்ட் விடுங்க. பழுது எங்கன்னு தெரியலைனா எந்த மாடுலை மாத்துவீங்க?

6. சர்க்யூட் படத்தையும் ஃபர்ம்வேர் கோடையும் டிபார்ட்மென்ட்ல கொடுத்துட்டுப் போங்க. வைவா முடிஞ்சதும் கோடு உங்க லேப்டாப்போட போயிட்டா, அந்த போர்டுக்கு அன்னைக்கே ஆயுள் முடிஞ்சது.

ஒவ்வொரு வருஷமும் எந்தக் காலேஜ் லேப் அலமாரியிலயும் சீனியர்கள் விட்டுட்டுப் போன போர்டுகள் கூடிட்டே போகும். அதுல பாதிக்கு மேல ஒரு வயரோ ஒரு சென்சாரோ மாத்தினா ஓடலாம். ஆனா எதை, எப்படி மாத்தணும்னு அந்த போர்டு சொல்லாது. நாளைக்கு லேபுக்குப் போனா அப்படி ஒண்ணை எடுத்து, எந்தப் பாகம் போயிருக்குன்னு கண்டுபிடிச்சுப் பாருங்க. எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு குறிச்சு வைங்க. உங்க போர்டை அடுத்த வருஷம் திறக்கிற ஜூனியருக்கு அதுல பாதி நேரம்தான் ஆகணும்.