புது மை போட்டும் எச்சரிக்கையா?

மறுநாள் பிள்ளை இடுபணியை ஒப்படைக்க வேண்டும். பாரிட் புந்தாரில் கடைகளும் சாத்தியாகிவிட்டன. அந்நேரம் பார்த்துப் புது கார்ட்ரிஜ் போட்டும் 'மை இல்லை' என்று பிரிண்டர் அடம்பிடிக்கிறதா? இன்னொன்று வாங்க ஓடாதீர்கள்!

பல பிரிண்டர்கள் மையை நேரில் பார்ப்பதில்லை. கார்ட்ரிஜில் ஒட்டியிருக்கும் சிறிய சிப் சொல்லும் கணக்கைத்தான் நம்புகின்றன. 2022 ஜனவரியில் உலகளாவிய சிப் தட்டுப்பாட்டால் கேனன் நிறுவனமே சில டோனர்களைச் சிப் இல்லாமல் விற்றது. எச்சரிக்கை வந்தால் 'சரி' என்று அழுத்தித் தொடரும்படி ஜெர்மனி வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது. அச்சின் தரம் குறையாது என்றும் உறுதியளித்தது.

வீட்டில் செய்ய வேண்டியவை:

* கார்ட்ரிஜ் எண் உங்கள் பிரிண்டருக்கு உரியதா எனப் பாருங்கள்.
* பாதுகாப்பு நாடாவை முழுமையாக உரித்துவிட்டீர்களா?
* சிப்பின் பொன்னிறப் பகுதியை உலர்ந்த துணியால் மெல்லத் துடையுங்கள். 'கிளிக்' சத்தம் வரும்வரை பொருத்துங்கள்.
* பிரிண்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள்.

பிறகும் எச்சரிக்கை வந்தால், பிரிண்டர் அனுமதித்தால் 'தொடரவும்' அழுத்தி ஒரு சோதனைப் பக்கம் எடுங்கள். எழுத்து தெளிவாக இருந்தால் வேலையைத் தொடருங்கள். இங்க்ஜெட்டில் எழுத்து மங்கினால் நிறுத்திவிடுங்கள். மையில்லாமல் ஓட்டினால் அச்சுத் தலை பழுதாகலாம்.