பேட்ச் ஃபைலுக்கும் உதவிக் குறிப்பு வேண்டும்

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ரோபோகாப்பி என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒரு இடம் விட்டு /? சேர்த்து என்டர் தட்டுங்கள். அந்தக் கட்டளைக்கான விளக்கம் திரையில் வரும். எந்த ஃபைலும் காப்பி ஆகாது. நாமே எழுதும் பேட்ச் ஃபைலுக்கு இந்த வசதி தானாக வராது. /? கொடுத்தாலும் அது பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடும்.

நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாணப் படங்களை பேக்கப் எடுக்க நான் எழுதிய பேட்ச் ஃபைலில், ரோபோகாப்பியுடன் /எம்ஐஆர் என்ற ஸ்விட்ச் உண்டு. கம்ப்யூட்டரில் இல்லாத படத்தை அது பேக்கப் டிஸ்கிலிருந்தும் அழித்துவிடும். இடம் போதாமல் பழைய ஆல்பங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கியிருப்பார்கள். விளக்கம் பார்க்கலாம் என்று யாராவது /? கொடுத்தால் ஆல்பம் அடியோடு போய்விடும்!

அதனால் ஃபைலின் தொடக்கத்திலேயே, "%~1" என்பது "/?" தானா என்று இஃப் கட்டளையால் சோதித்தேன். ஆம் என்றால் எக்கோ வரிகள் விளக்கத்தைக் காட்டும். அடுத்துள்ள எக்ஸிட் /பி அத்துடன் நிறுத்திவிடும். எந்த டிரைவிலிருந்து எதற்குப் போகும், எது அழியும் என்பதை அதில் அவசியம் எழுதுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் தமிழ் எழுத்து பெரும்பாலும் உடைந்து தெரியும் என்பதால், தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதினேன்.

ஒன்றைக் கவனியுங்கள். எக்கோ வரிக்குள் /? என்று தனியாக எழுதினால், நம் விளக்கத்துக்குப் பதில் எக்கோவின் சொந்த உதவிதான் வரும்.