பாட்டோடு வரும் உதவி எண்

ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதம் பிற்பகல் 3 மணிக்கே இருட்டிவிடும். 2019 டிசம்பர் 5 அன்று, அந்தக் குளிரிலும் 50,000-க்கும் அதிகமானோர் ஃபிரெண்ட்ஸ் அரீனாவில் ஒரு கச்சேரிக்காகக் கூடினார்கள். வர இயலாதவர்கள் இணையத்தில் நேரலையாகப் பார்த்தார்கள். அன்று ஒலித்த பாடல்களை உருவாக்கியவர் மட்டும் அங்கே இல்லை.

28 வயதில் நின்ற இசை

ஸ்வீடனைச் சேர்ந்த டிம் பெர்க்லிங்கை உலகம் ‘அவீச்சி’ என்ற பெயரில் அறியும். ‘வேக் மீ அப்’ பாடல் 2013-ல் நாடு நாடாக ஒலித்தபோது அவருக்கு வயது 23. ஓயாத பயணம், பதற்றம், மது, கணைய அழற்சி என்று உடலும் மனமும் சேர்ந்தே தளர்ந்தன. 2016-ல் மேடை நிகழ்ச்சிகளை நிறுத்திக்கொண்டார். 2018 ஏப்ரலில் அவர் உயிர் பிரிந்தது.

அடுத்த ஆண்டே குடும்பத்தினர் அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார்கள். இளையோர் மனநலமும் தற்கொலைத் தடுப்பும் அதன் பணிகள். ஸ்டாக்ஹோம் கச்சேரி அதற்கு நிதி திரட்டவே நடந்தது. கணினியில் பிறந்த மெட்டுகளை அன்று சுமார் 30 இசைக்கலைஞர்கள் மேடையில் வாசித்தார்கள். பாடகர் அலோ பிளாக், தன் குரலில் அவீச்சி பதிவுசெய்த பாடலை அவர் இல்லாத மேடையில் பாடினார்.

மூடிய அறைக்குள் ஒரு கச்சேரி

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் 7 பேருக்கு ஒருவர் மனநலப் பாதிப்போடு வாழ்கிறார். ‘நாலு பேர் என்ன சொல்வார்களோ’ என்ற கூச்சத்தில் பலர் வாயே திறப்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இயர்போனில் பாட்டுக் கேட்கும் பிள்ளையை நேரலைக் கச்சேரி அந்த அறைக்குள்ளேயே எட்டிவிடுகிறது. பாட்டு ஓடும் கைப்பேசியிலேயே உதவி எண்ணையும் அழுத்தலாம்.

அப்படி அழைப்பார்களா? அமெரிக்க ராப் பாடகர் லாஜிக், 2017-ல் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையே பாடலின் தலைப்பாக வைத்தார். அந்தப் பாடல் அதிகம் பேசப்பட்ட 34 நாட்களில் அந்த எண்ணுக்கு வழக்கத்தைவிட 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்ததாக, 2021-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு சொல்கிறது. அதே நாட்களில் தற்கொலைகளும் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 5.5 சதவீதம் குறைந்திருந்தன. பாடல்தான் காரணம் என்று இதை வைத்து அறுதியிட முடியாது. ஆனாலும், துயரத்தைச் சொல்வதோடு நில்லாமல் மீளும் வழியையும் காட்டும் பாட்டுக்குப் பலன் உண்டு என்ற நம்பிக்கையை இந்த எண்கள் தருகின்றன.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஆசையாக வாசித்த கிட்டார் வாரக்கணக்கில் உறைக்குள்ளேயே கிடக்கிறதா? தட்டில் வைத்த தோசை ஆறிப்போகிறதா? தூக்கம் கெடுவது, நண்பர்களைத் தவிர்ப்பது, காரணமில்லாத எரிச்சல், ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தாலோ ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. பிள்ளையைத் தனியே விடவும் கூடாது.

‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேட்கப் பெற்றோர் தயங்குகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. பரிவோடு கேட்டு, குறுக்கிடாமல் காதுகொடுத்தாலே பல பிள்ளைகள் பேசத் தொடங்குவார்கள்.

உடனே பேச

இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.