சென்னை ஸ்லாமை யாருக்காவது ஞாபகம் இருக்கா?

ரெண்டு வருஷத்துக்கு முந்தின பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். விருத்தாசலத்தில் என்னோடு படித்தவன் ஒருத்தன் செராமிக் யூனிட் வைத்திருக்கிறான், ஃப்யூஸ் கேரியர் செய்கிறவன். அவன் பையன் அப்போ பிளஸ் டூ, ஆறடி மூணு அங்குலம், மாவட்ட அளவில் கூடைப்பந்து ஆடுகிறான். டீக்கடையில் நிற்கும்போது அப்பன்காரன் கேட்டான்: "மாப்ள, கிரிக்கெட்டுக்கு ஐபிஎல் இருக்கு, கபடிக்கு புரோ கபடி இருக்கு. பாஸ்கெட்பாலுக்கு மட்டும் ஏன்டா ஒண்ணும் இல்ல? இவனை இதுல நம்பி விடலாமா?"

இல்லைன்னு சொல்ல முடியாது. இருந்தது, நின்னு போச்சு. ஏன் நின்னுதுன்னு சரியாகச் சொல்லத் தெரியாததால் அன்றைக்கு மழுப்பிவிட்டு வந்தேன். அதன் பிறகு ராத்திரியில் உட்கார்ந்து தேடிப் படித்ததுதான் இது.

இந்தியாவில் யூபிஏ என்ற தொழில்முறை கூடைப்பந்து லீக் 2015ல் தொடங்கியது. எட்டு அணிகள்: சென்னை ஸ்லாம், பெங்களூரு பீஸ்ட், ஹைதராபாத் ஸ்கை, புனே பேஷ்வாஸ், மும்பை சேலஞ்சர்ஸ், டெல்லி கேபிடல்ஸ், ஹரியானா கோல்ட், பஞ்சாப் ஸ்டீலர்ஸ். (டெல்லி கேபிடல்ஸ் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஐபிஎல் அணி அந்தப் பெயரை வைத்தது பிறகுதான்.) 2017க்குள் நாலு சீசன் ஆடினார்கள். அஞ்சாவது வரவே இல்லை.

அது தொடங்கின நேரத்தைப் பாருங்கள். 2014ல் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா சீனாவை 65-58 என்று அவங்க மண்ணிலேயே தோற்கடித்தது. 2015 ஜூனில் பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னம் சிங்கை டல்லாஸ் மேவரிக்ஸ் 52வது ஆளாக என்பிஏ டிராஃப்டில் எடுத்தது. புரோ கபடியும் ஐஎஸ்எல்லும் 2014ல் வந்து ஓட ஆரம்பித்திருந்தன. கூடைப்பந்துக்கு இதைவிட நல்ல நேரம் அமைவது கஷ்டம். யூபிஏவில் ஆடிய பல்பிரீத் சிங் பிராரை 2016ல் என்பிஏவின் டி-லீக் டிராஃப்டில் லாங் ஐலண்ட் நெட்ஸ் எடுத்தது. ஆட்டக்காரர்களுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லைன்னு யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் ஏன் நின்றது? "நம்ம ஆளுங்களுக்கு கிரிக்கெட்டைத் தவிர எதுவும் பிடிக்காது" என்பது வழக்கமான பதில். கபடியை உட்கார்ந்து பார்த்த நாட்டில் இந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

முதல் சிக்கல் எக்செல்லிலேயே தெரிகிறது. எட்டு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் சொந்த ஊரில் ஒன்று, எதிராளி ஊரில் ஒன்று என்று ஆடினால் 56 ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் அணி பயணம் போகணும். 12 ஆட்டக்காரர், 4 பேர் பயிற்சியாளர் உள்ளிட்ட மற்றவர்கள் என்று 16 பேர் வைத்தால், போய்த் திரும்பும் டிக்கெட் 896. எல்லா அணியையும் ஒரே ஊருக்கு வரவழைத்தால் அதே 56 ஆட்டத்துக்கு டிக்கெட் 128தான். எட்டு ஊரில் மரத்தளம் போட்ட உள்ளரங்கம் தேட வேண்டாம், டிவி கேமராவை லாரியில் ஏற்றி இறக்க வேண்டாம். யூபிஏ இந்த இரண்டாவது வழியில்தான் போனது. கணக்கு சரிதான். ஆனால் அணியின் பெயரில் இருக்கிற ஊர் அங்கே வெறும் பெயராகத்தான் இருக்கும். சென்னைக்காரன் வேலை முடிந்து டிக்கெட் வாங்கிப் போய்க் கத்துவதற்கு ஓர் அரங்கமோ, வாராவாரம் ஒரு கிழமையோ கிடையாது. புரோ கபடி ஆரம்பத்தில் ஊர் ஊராகக் கூடாரம் மாற்றி, ஒவ்வொரு அணிக்கும் சில நாளாவது சொந்த ஊர்க் கூட்டத்தைக் காட்டியது.

ரெண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. நம்ம ஊரில் நன்றாகக் கூடைப்பந்து ஆடுகிறவன் எதற்காக ஆடுகிறான்? வேலைக்காக. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், இந்தியன் பேங்க், ரயில்வே, ஓஎன்ஜிசி, வருமான வரித்துறை, ராணுவம். விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்தால் ஓய்வு பெறும் வயது வரை சம்பளம். முட்டி போனாலும் மேஜையும் நாற்காலியும் இருக்கும். லீக்கில் ஆட அந்த அலுவலகம் விடுப்பு தரணும், சம்மேளனம் முகம் சுளிக்காமல் இருக்கணும். 2015ல் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனமே ரெண்டு கோஷ்டியாகப் பிரிந்து நின்றது. யூபிஏ சம்மேளனத்தின் லீக்கும் இல்லை. சம்மேளனம் 2010லேயே ஐஎம்ஜி ரிலையன்ஸோடு 30 வருஷ ஒப்பந்தம் போட்டிருந்தது. அதிலிருந்து வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்த லீக் வரவில்லை.

சம்மேளனத்தை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2007ல் ஜீ குழுமம் நடத்திய ஐசிஎல் கிரிக்கெட் லீக்கில் முதல் கோப்பையை வாங்கியதே சென்னை சூப்பர்ஸ்டார்ஸ்தான். அதில் ஆடியவர்களைக் கிரிக்கெட் வாரியம் விலக்கி வைத்தது. 2009ல் பொதுமன்னிப்பு கிடைத்து பலர் திரும்பினார்கள், லீக் முடிந்தது. ஹாக்கியில் 2005 முதல் 2008 வரை நடந்த பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் இருந்தது. 2012ல் ஹாக்கி இந்தியாவின் அங்கீகாரம் இல்லாமல் நடந்த உலகத் தொடரில் சென்னை சீட்டாஸ் இருந்தது. அந்தத் தொடர் ஒரே சீசன். சென்னை பெயரில் செத்த அணிகளை மட்டும் வைத்தே ஒரு லீக் நடத்தலாம்!

சரி, சொந்த ஊர் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா? நானும் ஆமாம்னுதான் நினைத்தேன், பிலிப்பைன்ஸைப் பற்றிப் படிக்கிற வரைக்கும். கூடைப்பந்துதான் அங்கே தெருவிளையாட்டு. 1998ல் எம்பிஏ (படிப்பு இல்லை, மெட்ரோபாலிட்டன் கூடைப்பந்து சங்கம்) என்று ஒரு லீக் தொடங்கினார்கள். செபு, தாவாவ், இலோய்லோ, நேக்ரோஸ், பம்பாங்கா என்று மாகாணத்துக்கு ஓர் அணி, சொந்த ஊர் ஆட்டம், வெளியூர் ஆட்டம். முதல் வருஷக் கோப்பை பம்பாங்கா டிராகன்ஸுக்கு. மணிலாவை மட்டுமே பார்த்துப் பழகிய மாகாணக்காரர்களுக்குத் தங்கள் ஊர்ப் பெயர் போட்ட பனியன் கிடைத்தது. நான் மேலே கேட்டது அத்தனையும் அங்கே இருந்தது. ஆனாலும் 2002ல் மூடிவிட்டார்கள். தீவுக்குத் தீவு விமானம், ஆட்டக்காரர் சம்பளம் எல்லாவற்றுக்கும் பின்னால் நின்றது ஏபிஎஸ்-சிபிஎன் என்ற டிவி நிறுவனம். நஷ்டம் ஏறி அது கையை எடுத்ததும் ஊர்ப் பாசத்தால் மட்டும் விமான டிக்கெட் வாங்க முடியவில்லை.

அதே நாட்டில் 1975ல் தொடங்கிய பிபிஏ இன்னும் நடக்கிறது. ஆசியாவின் முதல் தொழில்முறை கூடைப்பந்து லீக் அது. அதன் அணிகளுக்கு ஊரே கிடையாது. சான் மிகுவேல், 2022 வரை இருந்த அலாஸ்கா என்று பீர், பால் கம்பெனிப் பெயர்கள்தான். கம்பெனிக்கு அணியின் செலவு விளம்பரச் செலவு. அணி தனியாக லாபம் காட்டணும்னு யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நம்ம ஓவர்சீஸ் பேங்க், ரயில்வே அணிகளும் கிட்டத்தட்ட அதே வகைதானே? பல பத்தாண்டுகளாக அவை நிற்பதற்குக் காரணம், வருஷா வருஷம் அந்தச் செலவைச் செய்ய ஒருத்தர் இருக்கிறார், அவருக்கு அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. யூபிஏவுக்கு ஊரும் இல்லை, கம்பெனியும் இல்லை. முதலீட்டாளர் பணம் இருந்தது. அது "நாளைக்கு இதன் மதிப்பு ஏறும்" என்ற நம்பிக்கையில் வருகிற பணம். அந்த நாள் தள்ளிப்போகப் போக, நஷ்டத்தைத் தாங்க வேறு காரணம் யாரிடமும் இருக்காது.

இதை நண்பனிடம் போனில் சொன்னபோது எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவன் ஒரே வரியில் முடித்தான்: "சூளையைப் பாதி அடுக்கிக் கொளுத்தினாலும் எரிபொருள் அதே செலவுதான் மாப்ள. மீதிப் பாதிக்கு யார் சரக்கு தராங்கன்னு பாக்காம பத்த வைக்கக் கூடாது."

2022ல் இந்த முறை சம்மேளனமே முன்நின்று ஐஎன்பிஎல் என்ற லீக் தொடங்கியது. அங்கீகாரச் சிக்கல் தீர்ந்தது. கொச்சி, ஜெய்ப்பூர், புனே என்று சுற்றிய அந்த முதல் தொடரை 2023 ஜனவரியில் வென்ற அணி சென்னை ஹீட். பட்டியலில் இருக்கிற ஊர்களை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

பையன் இப்போ ஒரு கல்லூரியில் விளையாட்டுக் கோட்டாவில் ரெண்டாம் வருஷம். வங்கி அணித் தேர்வுக்கு மனுப் போடச் சொல்லி அப்பா நச்சரிக்கிறார். நாளைக்கே ஏதாவது ஒரு லீக்கிலிருந்து கூப்பிட்டால் என்னடா செய்வேன்னு போன வாரம் கேட்டேன். "போவேன் மாமா," என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேங்க்ல லீவு குடுத்தாங்கன்னா."